ஒரே மொழி, இரண்டு எழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): வேலை நிமித்தம் பெல்கிரேட் நகருக்குப் போய் வந்த நண்பர், அங்கே ஒரு கடைப்பலகை ஆங்கில எழுத்திலும் பக்கத்துக் கடைப்பலகை ரஷ்ய எழுத்து மாதிரியான ஒன்றிலும் இருப்பதாகச் சொன்னார். இரண்டும் ஒரே மொழியாம். சிங்கப்பூரில் நான்கு மொழிகளை மூன்று வகை எழுத்தில் பார்க்கிறோம், அது புரிகிறது. ஒரே மொழிக்கு இரண்டு எழுத்து எதற்கு? குழம்பாமல் எப்படிப் படிக்கிறார்கள்?

பதில்: அந்த மொழி செர்பியன். சிரிலிக், ரோமன் என்ற இரண்டு எழுத்திலும் அதை எழுதுவார்கள். கிழக்குத் திருச்சபை வழியாக வந்தது சிரிலிக், மேற்கே ரோமாபுரி வழியாக வந்தது ரோமன். செர்பிய மொழியறிஞர் வூக் கராஜிச் 1818இல் வெளியிட்ட அகராதியில் சிரிலிக்கை ஒலிக்கு ஓர் எழுத்து என்று சீரமைத்தார். குரோஷிய அறிஞர் லூதெவித் காய் 1830இல் ரோமன் எழுத்துக்கு அதே வேலையைத் தொடங்கினார். இப்போது இரண்டிலும் முப்பது முப்பது எழுத்து. ரோமனில் மூன்று ஒலிகளுக்கு இரண்டு வடிவங்களைச் சேர்த்து எழுதினாலும் அதை ஓர் எழுத்தாகவே எண்ணுவார்கள்.

செர்பியப் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் சிரிலிக்கும் இரண்டாம் வகுப்பில் ரோமனும் கற்கிறார்கள். அரசின் அலுவல் எழுத்து சிரிலிக் என்று 2006ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. நாளிதழ்களில் 'பொலித்திகா' சிரிலிக்கில் வருகிறது, 'பிலிட்ஸ்' ரோமனில் வருகிறது. படித்தவர் எவரும் இரண்டையும் தங்குதடையின்றிப் படிப்பார்.

குழப்பம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய எழுத்துகளில் ஏழு வடிவங்கள் இரண்டுக்கும் பொது, ஒலியும் ஒன்றே: ஏ, ஈ, ஓ, ஜே, கே, எம், டி (T). நான்கு வடிவங்கள்தான் சிக்கலானவை. இரட்டை வயிற்று 'பி' ரோமனில் 'ப', சிரிலிக்கில் 'வ'. 'சி' வடிவம் ரோமனில் 'ட்ஸ', சிரிலிக்கில் 'ஸ'. 'எச்' வடிவம் ரோமனில் 'ஹ', சிரிலிக்கில் 'ன'. ஒற்றை வயிற்று 'பி' ரோமனில் 'ப', சிரிலிக்கில் 'ர'. மீதிப் பத்தொன்பதும் அந்தந்த எழுத்துக்கே உரியவை. அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி (அதே வாசகர்): பழகிய வாசகர் சொல்லின் மொத்த உருவத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், எழுத்தை ஒலியாக்கிப் பார்ப்பதெல்லாம் குழந்தைகளின் வேலை என்பார்கள். அந்த நான்கு எழுத்துகள் வரும்போது என்ன ஆகிறது?

பதில்: நீங்கள் கேட்ட இந்த இடத்தை வைத்துத்தான் அந்தக் கருத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: இரட்டை வயிற்று பி, ஈ, டி (T), ஏ, ஒற்றை வயிற்று பி. ரோமனாகப் படித்தால் 'பெத்தப்' என்று வரும், அதற்குப் பொருள் கிடையாது. சிரிலிக்காகப் படித்தால் 'வெத்தர்', அதாவது காற்று. இப்போது அதற்குக் கீழே அதே 'வெத்தர்' என்ற சொல்லை ரோமனில் எழுதுங்கள்: வி, ஈ, டி, ஏ, ஆர். 'வி'யும் 'ஆரும்' சிரிலிக்கில் இல்லாத வடிவங்கள், ஆகவே இதை ஒரே விதமாகத்தான் படிக்க முடியும்.

சொல் ஒன்று, பொருள் ஒன்று, பேச்சில் புழங்கும் அளவும் ஒன்று. வேறுபாடு எழுத்தில் மட்டும். மொழி ஆய்வில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எளிதில் அமையாது. பெல்கிரேட் பல்கலைக்கழகத்து லுக்காத்தெலாவும் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்வி, ஃபெல்ட்மன் முதலியோரும் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். திரையில் ஓர் எழுத்துத் தொடர் தோன்றும். அது சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். சில சோதனைகளில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஃபெல்ட்மனும் டர்வியும் 1983இல் வெளியிட்ட முடிவு: இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் வடிவத்தில் வந்தால், அதே ஆளுக்கு அதே சொல்லை அறிய நேரம் கூடுகிறது. ஐயத்துக்குரிய எழுத்துகள் கூடக்கூடத் தாமதமும் கூடுகிறது. சிரிலிக் பழக்கம் குறைவு என்பது காரணமாக முடியாது, ஏனென்றால் இவர்கள் முதலில் கற்றதே சிரிலிக். இரண்டு எழுத்திலும் ஐயம் தராத சொற்களைக் கொடுத்தபோது இந்தத் தாமதம் எழவில்லை. மொத்த உருவத்தை மட்டும் கண் பிடிக்கிறது என்றால் எத்தனை எழுத்து ஐயத்துக்குரியது என்பது கணக்கில் வரவே கூடாது. வருகிறது என்றால், எழுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய ஒலி நாம் நினைக்காமலே எழுகிறது, ஐயத்துக்குரிய எழுத்துக்கு இரண்டு ஒலிகளும் சேர்ந்தே எழுகின்றன என்று கொள்ள வேண்டும். 'ரோமனாக மட்டும் படியுங்கள்' என்று சொல்லி வைத்தாலும் மற்ற ஒலி அடங்குவதில்லை.

எங்கள் மனத்தை அதிகம் கவர்ந்தது இன்னொன்று. 'காற்றுக்கு' என்று வேற்றுமை ஏற்கும்போது இந்தச் சொல் 'வெத்ரு' ஆகிறது. சிரிலிக்கில் எழுதினால் கடைசியில் 'ஒய்' போன்ற வடிவம் வரும். செர்பிய ரோமனில் அந்த வடிவம் கிடையாது. அந்த ஓர் எழுத்து வந்ததும் சொல் முழுவதும் தெளிந்துவிடுகிறது. ஐயமற்ற எழுத்து ஒன்று சொல்லில் இருந்தால் தாமதம் நீங்குகிறது என்பதைச் சோதனைகளும் காட்டின.

இரண்டு வாசிப்பிலும் பொருள் தரும் சொற்களும் உண்டு. ஒற்றை வயிற்று பி, ஓ, டி, ஓ, மறுபடியும் ஒற்றை வயிற்று பி என்று எழுதிப் பாருங்கள். ரோமனில் 'பொத்தொப்', அதாவது பெருவெள்ளம். சிரிலிக்கில் 'ரொத்தொர்', அதாவது இயந்திரத்தில் சுழலும் பகுதி.

பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம்தான் இந்தத் தடுமாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. தேர்ச்சி வரவர ஒலி விலகிப்போகும் என்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

நாளிதழ் படிக்கும்போது இது யாரையும் வருத்துவதில்லை. பக்கம் முழுவதும் ஒரே எழுத்து, அடுத்தடுத்த சொற்களில் அதற்கே உரிய வடிவங்கள் நிறைய வரும். சிறிய எழுத்திலோ இரட்டை வயிற்றுச் சிக்கலும் 'எச்' சிக்கலும் பெரும்பாலும் மறைந்துவிடும், ஏனென்றால் அங்கே வடிவங்களே வேறு. தனிச்சொல், முழுதும் பெரிய எழுத்து, பெயர்ப்பலகை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் கண் தயங்கும்.

கேள்வி (ஈசூன் வாசகி): தமிழில் இந்த மாதிரி ஒரே வடிவத்துக்கு இரண்டு ஒலி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஔகாரத்தைப் பாருங்கள். 'கௌதாரி'யில் ககரத்துக்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் கொம்புக்கால். அந்தக் கொம்புக்கால் ளகரத்தைப் போலவே இருக்கும். 'கெளுத்தி' மீனின் பெயரும் அதே கொம்போடுதான் தொடங்குகிறது. ஆனால் அடுத்து வருவது 'ளு', அந்த வடிவம் கொம்புக்காலாக இருக்கவே முடியாது, ஆகவே ஐயம் தீர்ந்தது. 'மெள்ள' என்பதில் புள்ளி தீர்த்துவைக்கிறது. 'வௌவால்' என்பதில் அப்படித் தீர்த்துவைக்க எதுவும் இல்லை. அதனால் சொல்லை அறியாத பிள்ளை 'வெ, ள, வா, ல்' என்று நான்கு எழுத்தாகப் படிக்கிறது. நல்ல எழுத்துருவில் கொம்புக்கால் ளகரத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். பாடநூல் அச்சிடுவோர் இந்த வேறுபாட்டைக் காட்டும் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இது அழகுக்காகச் சொல்வதன்று.

ஓலைச்சுவடியில் சிக்கல் இதைவிடப் பெரியது. ஓலை கிழியும் என்று புள்ளி இடமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடுவதில்லை (இன்றைய இரட்டைக்கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம்). ஆகவே ஓலையில் 'காகம்' என்பதையும் 'கரகம்' என்பதையும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள். எதைக் கொள்வது?

செய்யுளாக இருந்தால் யாப்பு சொல்லும். 'காகம்' நேர் நேர், தேமா. 'கரகம்' நிரை நேர், புளிமா. வெண்பாவில் மாச்சீரை (நேரில் முடிவது) அடுத்து நிரை வர வேண்டும், விளச்சீரை (நிரையில் முடிவது) அடுத்து நேர் வர வேண்டும். முந்திய சீர் மாச்சீர் என்றால் 'கரகம்', விளச்சீர் என்றால் 'காகம்'. எதுகை அமைந்த இடமானால் அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தும் சாட்சிக்கு வரும். பெல்கிரேட் வாசகருக்கு ஐயமற்ற ஓர் எழுத்து செய்யும் வேலையைச் சுவடி படிப்பவருக்குச் சீர்களை இணைக்கும் தளையும் எதுகை முதலான தொடையும் செய்துகொடுத்தன. உரைநடைச் சுவடிக்கு அந்தத் துணை இல்லை, அதனால்தான் பழைய உரைகளைப் பதிப்பிப்பது மூலச் செய்யுளைப் பதிப்பிப்பதைவிடக் கடினமாகிறது.

கேள்வி (பொங்கோல் வாசகி): மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் செய்தி அனுப்புகிறாள், வந்த பதிலையும் படித்துவிடுகிறாள். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறாள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைத் தடுக்கலாமா?

பதில்: தடுக்க வேண்டாம். பாட்டியோடு தமிழில் பேசும் ஆர்வத்தை எழுத்தைக் காரணம் காட்டி முறிப்பது பெரிய இழப்பு. ஆனால் அந்தப் பழக்கம் தமிழெழுத்து வாசிப்பை வளர்க்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழெழுத்துக்கும் ரோமனுக்கும் பொது வடிவம் எதுவும் இல்லை. ஆகவே அவை இரண்டும் மோதுவதில்லை. மோதல் இருப்பது ரோமன் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில். 'மண்' அல்லது 'மான்' என்று நினைத்து எம், ஏ, என் என்று அடித்தால், ஆங்கிலத்தில் அது ஆண்மகன். 'பல்' அல்லது 'பால்' என்று பி, ஏ, எல் அடித்தால், அங்கே அது தோழன். 'பொத்தொப்' போலவே ஒரே தொடருக்கு இரண்டு மொழிகளில் வாசிப்பு. அதோடு, கே, ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து எழுத்தை அடித்தால் கலை, களை, கழை, காலை, காளை எதுவாகவும் இருக்கலாம். செய்தி படிக்கும்போது உங்கள் மகள் எழுத்தை வைத்துச் சொல்லை அறிவதில்லை, பேச்சின் போக்கை வைத்து ஊகிக்கிறாள். புத்தகத்தில் அந்த ஊகம் கைகொடுப்பதில்லை. லகர, ளகர, ழகரங்களையும் குறில் நெடிலையும் பிரித்துக்காட்டுவதுதான் தமிழெழுத்தின் பலம், அவள் பழகாமல் இருப்பதும் அதுதான்.

கண்ணுக்குப் பழகிய வடிவத்துக்கும் பங்கு உண்டு. ஜப்பானியர் பிறமொழிச் சொற்களைக் கட்டகானா எழுத்தில் எழுதுவார்கள். எப்போதும் கட்டகானாவில் வரும் சொல்லை அவர்கள் விரைவாகப் படிப்பார்கள். வழக்கமாகக் கான்ஜி என்ற சீன எழுத்தில் வரும் சொல்லைக் கட்டகானாவில் எழுதிக் காட்டினால், ஒவ்வோர் எழுத்தும் தெரிந்திருந்தும் தாமதமாகும். உணவுக்கடைப் பலகையில் 'தோசை'யை ஆங்கில எழுத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழெழுத்தில் அது புதுச்சொல் போலத் தெரிவதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது இது. அவள் காதால் நன்கு அறிந்த இருபது சொற்களைப் பெரிய எழுத்தில், வரிக்கு ஒன்றாக, படம் இல்லாமல் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திருத்தாமல் பிழைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிழைகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்.

முதலெழுத்து சரியாக இருந்து மீதி வேறு சொல்லாக வந்தால் ('மரம்' என்பதை 'மழை' என்பது போல), அவள் ஊகிக்கிறாள். சொல்லை ஓர் அட்டையால் மூடி, இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் திறந்துகாட்டுங்கள். படக்கதைப் புத்தகத்தைச் சில வாரம் ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் படம் ஊகத்துக்குத் தீனி போடும்.

இரண்டாவது, கொம்புப் பிழை. 'கெ, கே, கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ, கோ'வில் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபக்கமும் நிற்கிறது. ஆங்கிலத்தில் உயிரெழுத்து மெய்க்குப் பின்னால் வந்தே பழகிய கண், கொம்பைப் பார்த்ததும் முந்திய எழுத்தோடு ஒட்டிவிடும். 'அகதி, அகத்தி' என்று எளிதாகப் படிக்கும் பிள்ளை 'அங்கே, எங்கே' என்றால் தயங்குவது இதனால்தான். பொருளற்ற அசைகளையும் கலந்து கெ/கே, செ/சே, பொ/போ என்று இணை இணையாகப் படிக்கச் சொல்லுங்கள். கொம்பின் மேல் விரலை வைத்து, அடுத்த எழுத்தைப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது ஒன்றே விதி.

மூன்றாவது, வல்லினப் பிழை. 'பகல், பங்கு, பக்கம்' மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி வேறு. உயிர்களுக்கு இடையில் மென்மை, மெல்லினத்துக்குப் பின் அதிர்வு, இரட்டித்தால் வன்மை. இடம் தெரிந்தால் ஒலி தெரியும். இதைப் பிழைபட வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை, அந்தச் சொல்லைக் காதால் கேட்டதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நீங்கள் முதலில் படித்துக் காட்டுங்கள், பிறகு அவள் படிக்கட்டும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் எழுத்து பதியாது, அலுப்புதான் பதியும். வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு எழுதும் வரிகளில் ஒன்றையாவது 'அஞ்சல்' என்ற தமிழ் விசைமுகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஒலிப்படி அடித்தால் தமிழெழுத்து வரும். அங்கே ல, ள, ழ மூன்றுக்கும் வேறு வேறு விசை என்பதால், எது என்று முடிவுசெய்தே ஆக வேண்டும்.

கேள்வி (கேலாங் சிராய் வாசகர்): மலாய் மொழிக்கும் ரூமி, ஜாவி என்று இரண்டு எழுத்து உண்டே. அதில் செர்பியன் போன்ற குழப்பம் வருமா?

பதில்: வராது. ரூமி என்பது ரோமன் எழுத்து, இடமிருந்து வலம். ஜாவி என்பது அரபு எழுத்து, வலமிருந்து இடம். பொது வடிவம் ஒன்றும் இல்லை. ஜாவியில் அரபு எழுத்துகளோடு ச, ங, ப, க, ஞ ஒலிகளுக்காக ஐந்து எழுத்துகள் சேர்த்திருக்கிறார்கள். வேறுபாடு ஆழத்தில்தான். ரூமி எல்லா உயிரொலியையும் எழுதிக்காட்டுகிறது. ஜாவி பல இடங்களில் உயிரை எழுதாமல் விடுகிறது, வாசகர் சொல்லை அறிந்திருந்து நிரப்ப வேண்டும். மலேசிய வெள்ளி நோட்டு கையில் இருந்தால் பாருங்கள், வங்கியின் பெயர் ஜாவியிலும் இருக்கும். தமிழ் முஸ்லிம்களின் அர்வியும் அரபு எழுத்தில் எழுதிய தமிழ்தான்.

கேள்வி (தோ பாயோ வாசகர்): தந்தையார் வைத்திருந்த 1960களின் புத்தகங்களைப் பேரன் படிக்க விரும்புகிறான். பழைய 'லை', 'னா' வந்ததும் நின்றுவிடுகிறான். எத்தனை எழுத்து கற்க வேண்டும்?

பதில்: பதின்மூன்று. தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறு, பிறகு ணை, லை, ளை, னை. முதல் ஒன்பதில் தனித் துணைக்காலுக்குப் பதில் எழுத்தின் வாலே சுழிந்து நிற்கும். கடைசி நான்கில் இணைக்கொம்புக்குப் பதிலாகத் தும்பிக்கை போன்ற ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டியிருக்கும்.

எண்ணிக்கை குறைவு, ஆனால் இவை இல்லாமல் ஒரு பத்தியும் நகராது: 'இல்லை', 'என்னை', 'அவர்களை', 'சொன்னான்', 'வருகிறார்'. அதுவே கற்பதற்கும் வசதி. தனித்தனியாக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு பக்கத்தை நகலெடுத்து, முதல் நாள் 'லை', 'னை' வரும் இடங்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். சுற்றியுள்ள எழுத்தெல்லாம் தெரிந்தவை என்பதால் சொல் தானே விளங்கிவிடும், வடிவமும் அதோடு பதியும். 'றா', 'னா' அடுத்த நாள். 'ணொ', 'றோ' அரிதாக வருபவை, எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். பழகியதும் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பழைய 'தமிழ் முரசு' இதழ்களையும் படிக்கத் தொடங்கலாம்.

கேள்வி (ஜூரோங் வாசகி): 'கௌதமன்' என்று தேடினால் சில கோப்புகள் கிடைக்கின்றன, சில கிடைப்பதில்லை. எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஏன்?

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடில் 'கௌ' என்பது ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்தது, மொத்தம் இரண்டு குறியீடு. சிலர் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று மூன்றாக அடித்திருப்பார்கள். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் வேறு சொல்லாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: எழுத்தின் முடிவில் சுட்டியை வைத்து அழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான ஔகாரம், 'கெ' மிஞ்சினால் ளகரம் அடித்தது. 'பௌர்ணமி', 'சௌகரியம்', 'ஔவையார்' எல்லாவற்றிலும் இதே பிழை பரவலாக உண்டு.

தமிழ் எண்களும் இப்படித்தான். எண் ஒன்றும் ககரமும், எண் ஏழும் எகரமும், எண் எட்டும் அகரமும் பார்வைக்கு ஒன்றே, குறியீடு வேறு. செர்பியர்களின் கணினியிலும் சிரிலிக் 'ஏ'யும் ரோமன் 'ஏ'யும் தனித்தனிக் குறியீடு. சொல்லின் நடுவே விசைமுகத்தை மாற்ற மறந்தால் அந்தச் சொல் தேடலில் அகப்படாது. இணைய முகவரியில் இதே வேறுபாட்டை வைத்துப் போலித் தளம் அமைத்து ஏமாற்றுவோரும் உண்டு, ஆகவே வங்கி முகவரியைச் செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டுத் திறக்காமல் நீங்களே அடித்துத் திறப்பது பாதுகாப்பு. உங்கள் கோப்புகளுக்கு ஒரு வழி: கொம்பும் ளகரமுமாக அடித்த வடிவத்தைத் 'தேடி மாற்று' வசதியில் இட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால் 'தெளிவு', 'கெளுத்தி' போன்ற சரியான ளகரச் சொற்களும் சேர்ந்து கெடும்.